வீட்டுக் கடனும் இல்லறத்தார் செலவுக் கணக்கும்

மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்

சமணர் திருவிழா மேடையில் 'வீடு' என்னும் சொல் ஒலித்தால் அது வீடுபேற்றையே குறிக்கும் என்று அவையோர் எதிர்பார்ப்பது இயல்பு. இவ்வுரையின் பொருள் அதனினும் எளியது. செங்கல்லாலும் சிமெண்டாலும் எழும்பும் வீட்டை வாங்கக் கடன் கேட்டுச் செல்லும் ஓர் இல்லறத்தானின் அன்றாடச் செலவை வங்கி எவ்வாறு அளக்கிறது, அந்த அளவு எவ்வளவு உண்மையானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து ஊர்களில் பிறந்த பிள்ளைகள் சென்னையையும் பெங்களூருவையும் கடந்து சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் குடியேறி, அங்கே 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் காலம் இது. அப்பிள்ளைகள் நிரப்பும் விண்ணப்பத்தில் 'மாதச் செலவு' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த ஒரு கட்டத்தின் பொருட்டு ஆஸ்திரேலிய நாட்டில் ஓர் அரச விசாரணை ஆணையத்தில் வாதம் எழுந்தது. நீதிமன்றத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஒரு வழக்கும் நடந்தது.

கடன் கொடுப்போர் செய்யும் கணக்கு அடிப்படையில் மிகச் சிறியது. வரி போகக் கைக்கு வரும் வருமானத்திலிருந்து குடும்பச் செலவைக் கழிக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள கடன்களின் தவணையைக் கழிக்கிறார்கள். எஞ்சுவது புதிய தவணைக்குப் போதுமா என்று பார்க்கிறார்கள். இவற்றுள் வருமானத்திற்குச் சம்பளச் சீட்டு உண்டு. பழைய கடன்களுக்குக் கடன் வரலாற்று அறிக்கை உண்டு. புதிய தவணை வெறும் கணிதம். செலவுக்கு மட்டும் சீட்டு இல்லை. ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்பது பல வேளைகளில் அக்குடும்பத் தலைவனுக்கே தெரியாது. தலைவிக்குத் தெரியக்கூடும், ஆனால் வங்கி அதிகாரி அவரைத் தனியே கேட்பதில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஆஸ்திரேலிய வங்கிகள் ஓர் அட்டவணையை நாடின. தொடக்கத்தில் அவர்கள் கையாண்டது ஹெண்டர்சன் வறுமைக்கோடு. பேராசிரியர் ரொனால்டு ஹெண்டர்சன் 1966இல் மெல்போர்ன் நகரில் தொடங்கிய ஆய்வு, பின்னர் 1970களில் அரசு அமைத்த வறுமை விசாரணைக் குழுவின் அளவுகோலாயிற்று. 1973 டிசம்பர் காலாண்டில், பெற்றோர் இருவரும் குழந்தைகள் இருவரும் கொண்ட குடும்பத்திற்கு வாரம் 62 டாலர் 70 சென்ட் என்று அக்கோடு வரையப்பட்டது. ஏழை யார் என்று கண்டறிந்து அவருக்கு உதவ வகுத்த கோடு, பின்னாளில் எவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று அளக்கப் பயன்பட்டது ஒரு விந்தை. வறுமைக்கோட்டில் வாழ்வதாக வைத்துக் கணக்கிட்டால் எவரிடமும் மிச்சம் நிறையவே தெரியும்.

அதன் இடத்தில் வந்ததே குடும்பச் செலவு அளவை. ஆங்கில முதலெழுத்துகளால் 'ஹெம்' என்று வழங்கும் இதனை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மெல்போர்ன் நிறுவனம் உருவாக்கியது. ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை குடும்பங்களைச் செலவுக் குறிப்பு எழுதச் சொல்லி நடத்திய கணக்கெடுப்பே இதன் ஊற்று. அக்கணக்கெடுப்பில் வரும் நூற்றுக்கணக்கான செலவினங்களையும் ஆய்வாளர்கள் மூன்று கூறாகப் பிரித்தனர். உணவுப்பொருள், மின்சாரம், போக்குவரத்து, குழந்தைகளின் உடை போன்றவை முழு அடிப்படைத் தேவைகள். உணவகச் சாப்பாடு, மது, புகையிலை, பொழுதுபோக்கு போன்றவை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளத்தக்க அடிப்படைகள். வெளிநாட்டுச் சுற்றுலா போன்றவை அடிப்படை அல்லாதவை.

இனி அளவையின் உட்கணக்கைக் கவனித்தல் வேண்டும். விவாதம் முழுவதும் இங்கேதான் முளைக்கிறது. 100 குடும்பங்களை, முழு அடிப்படைத் தேவைகளுக்குக் குறைவாகச் செலவழிப்பவர் முதல் மிகுதியாகச் செலவழிப்பவர் வரை வரிசையாக நிற்கவைப்பதாகக் கொள்ளலாம். நட்டநடுவே நிற்கும் குடும்பத்தின் செலவு எடுத்துக்கொள்ளப்படும். அடுத்து, குறைத்துக்கொள்ளத்தக்க செலவுகளுக்காக மீண்டும் அவர்களை வரிசைப்படுத்தினால், இம்முறை நடுவில் நிற்பவரை அல்ல, குறைந்த பக்கத்திலிருந்து இருபத்தைந்தாவதாக நிற்பவரையே அளவை எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் கூறு முற்றிலும் தள்ளப்படுகிறது. வீட்டு வாடகையும் தவணையும் இதில் சேரா. எனவே இந்த எண் ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவன்று. தேவைகளில் நடுத்தரமாகவும், விருப்பங்களில் நாலில் மூன்று பங்கினரைவிடச் சிக்கனமாகவும் வாழும் ஒரு குடும்பத்தின் செலவு. அப்படி ஒரு குடும்பம் எங்கேனும் இருக்கலாம். விண்ணப்பம் தந்தவர் அக்குடும்பம்தானா என்பதை அட்டவணை அறியாது.

சமண இல்லறத்தாருக்கு இப்பாகுபாடு முற்றிலும் புதியதன்று. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும், அதன் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பையும் ஓதியோர் போகம், உபபோகம் என்னும் இரு சொற்களை அறிவர். ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துபோவது போகம், உணவு அவ்வகை. மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம், உடை அவ்வகை. இரண்டுக்கும் சிராவகன் தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்வது போகோபபோக பரிமாண விரதம். காலவரையறையுடன் ஏற்பது நியமம். உயிருள்ள அளவும் ஏற்பது யமம். மெல்போர்ன் நிறுவனத்தின் மூன்று கூறுகளும் இவையும் ஒன்றல்ல. அங்கே தேவையா விருப்பமா என்பது கேள்வி, இங்கே எவ்வளவு போதும் என்பது கேள்வி. ஆயினும் செலவை ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இரண்டிற்கும் பொது. வேறுபாடு எங்கே என்றால், விரதத்தின் எல்லையை வகுப்பவன் அதனை ஏற்பவனே. அட்டவணையின் எல்லையை வகுத்தவர் வேறு, அதற்குள் வாழவேண்டியவர் வேறு.

கணக்கில் இது என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொள்ளலாம். வரி போக மாத வருமானம் 8,000 டாலர். கேட்கும் கடன் 5,00,000 டாலர், 30 ஆண்டு, வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு. மாதத் தவணை 2,998 டாலர் வரும். ஆனால் வங்கி அந்த வட்டியில் கணக்கிடுவதில்லை. வங்கிகளைக் கண்காணிக்கும் ஆஸ்திரேலிய ஒழுங்குமுறை ஆணையம், வட்டி பின்னாளில் உயரக்கூடும் என்பதால் இன்றைய வட்டிக்கு மேல் ஒரு காப்பு அளவைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. 2014இல் அது 2 விழுக்காடு, மொத்தம் 7க்குக் குறையக்கூடாது என்ற அடித்தளத்துடன். 2019இல் அடித்தளம் நீக்கப்பட்டுக் காப்பு 2.5 ஆயிற்று, 2021 அக்டோபரில் 3 ஆயிற்று. ஆகவே 9 விழுக்காட்டில் தவணை 4,023 டாலர். வருமானத்தில் இதைக் கழித்தால் எஞ்சுவது 3,977.

இக்குடும்பம் தன் செலவு மாதம் 4,400 டாலர் என்று உண்மையாக எழுதுகிறது. அட்டவணையோ அத்தகைய குடும்பத்திற்கு 3,500 போதும் என்று சொல்வதாகக் கொள்வோம். எழுதிய செலவை எடுத்தால் 423 டாலர் குறை, கடன் மறுக்கப்படும். அட்டவணையை எடுத்தால் 477 டாலர் மிச்சம், கடன் கிடைக்கும். அதே மனிதர், அதே சமையலறை. இந்தக் கணக்கில் மாதச் செலவு 100 டாலர் குறைவாகத் தெரிந்தால், பெறத்தக்க கடன் ஏறத்தாழ 12,400 டாலர் கூடுகிறது. செலவுக் கட்டத்தில் ஓர் எண்ணைக் குறைத்து எழுதும் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவின் 2009ஆம் ஆண்டுத் தேசிய நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டம் இவ்விடத்தில்தான் நுழைகிறது. கடன் கொடுப்பவர் கடன் கேட்பவரின் நிதிநிலையைப் பற்றித் தக்கவாறு விசாரிக்க வேண்டும். தக்க வழிகளில் சரிபார்க்க வேண்டும். அதன்பின் இக்கடன் அவருக்குப் பொருந்தாததா என்று மதிப்பிட வேண்டும். பெருந்துன்பம் இன்றித் திருப்பிச் செலுத்த இயலாது என்றால் அது பொருந்தாத கடன். குடியிருக்கும் வீட்டை விற்றால்தான் கடன் அடையும் என்ற நிலை பெருந்துன்பமாகவே முதற்கண் கொள்ளப்படும். சட்டம் கேட்கும் விசாரணை இவ்வளவு. இதற்கு அட்டவணை போதுமா?

போதாது என்றது பங்குச்சந்தையையும் கடன் சேவைகளையும் கண்காணிக்கும் ஆஸ்திரேலியப் பங்குகள் மற்றும் முதலீடுகள் ஆணையம். 2017 மார்ச்சில் அது வெஸ்ட்பேக் வங்கியின்மீது வழக்குத் தொடுத்தது. 2011 டிசம்பர் முதல் 2015 மார்ச் வரை அவ்வங்கியின் தானியங்கி முறை, ஏறத்தாழ 2,60,000 வீட்டுக் கடன்களில் விண்ணப்பதாரர் எழுதித் தந்த செலவை விட்டுவிட்டு, குடும்பச் செலவு அளவையைக் கொண்டே கணக்கிட்டது என்பது குற்றச்சாட்டு. அவற்றுள் ஏறத்தாழ 50,000 விண்ணப்பங்களில் மக்கள் எழுதிய செலவு அளவையைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது. வங்கி கேட்டது, மக்கள் எழுதினர், கணினி அதைப் புறந்தள்ளியது. மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது: எஞ்சிய இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் மக்கள் எழுதியது அளவையை மிஞ்சவில்லை. சிக்கனமான அட்டவணையே இவர்களைவிடத் தாராளமாக இருந்தது. இத்தனை பேரும் அத்துணைச் சிக்கனமாக வாழ்ந்தனரா, அன்றி விண்ணப்பத்தில் மட்டும் வாழ்ந்தனரா என்பது எண்ணத்தக்கது.

2018 செப்டம்பரில் 35 மில்லியன் டாலர் அபராதம் செலுத்த வங்கி இசைந்தது. வழக்கு அத்துடன் முடிந்தது என்று எல்லோரும் கருதியபோது, நீதிபதி பெரம் அந்த உடன்பாட்டை ஏற்க மறுத்தார். எந்தச் செயல் சட்டமீறல் என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபடாதபோது அபராதத்திற்கு எவ்வாறு முத்திரையிடுவது என்பது அவர் வினா. முழு விசாரணை நடந்தது. 2019 ஆகஸ்டு 13 அன்று ஆணையத்தின் வழக்கை அவர் தள்ளுபடி செய்தார்.

அத்தீர்ப்பின் கருத்து சிந்தனைக்குரியது. ஒருவர் இன்று எவ்வளவு செலவழிக்கிறார் என்பது, அவர் கடனைத் திருப்பிச் செலுத்த வல்லவரா என்பதைத் தானாகக் காட்டிவிடாது; எதை அவர் விட்டுவிட முடியும், எதை விட முடியாது என்பதே கேள்வி என்றார் நீதிபதி. எடுத்துக்காட்டாக, விலையுயர்ந்த மாட்டிறைச்சியும் உயர்தரத் திராட்சை மதுவும் நாள்தோறும் உண்பவர், தமக்கு ஒரு வீடு வேண்டும் என்றால் எளிய உணவிற்கு மாறிக்கொள்ளலாமே என்று குறிப்பிட்டார். நாடெங்கும் செய்தித்தாள்கள் அந்த இறைச்சியையும் மதுவையும் தலைப்பாக்கின. வழக்கிற்கே அப்பெயர் நிலைத்துவிட்டது.

இந்த எடுத்துக்காட்டைக் கேட்ட ஒரு சமணக் குடும்பம் சற்றே புன்னகை செய்திருக்கும். ஊனும் கள்ளும் இல்லாத வீட்டில் எதை விட்டுவிடச் சொல்வார்கள்? குறைக்கத்தக்க கூறில் மதுவும் உணவகமும் முன்னிற்கும் அட்டவணையில், அவ்விரண்டையும் தொடாத வீடு சிக்கனத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டது. வட்டி உயரும் நாளில் பிறர் உணவகம் செல்வதை நிறுத்துவர். இவ்வீட்டார் நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எளிமையாக வாழ்பவர் நெருக்கடியில் சுருங்குவதற்கு இடம் குறைவாக வைத்திருக்கிறார் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

ஆணையம் மேல்முறையீடு செய்தது. 2020 ஜூன் 26 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு ஆயம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் முதல் தீர்ப்பையே உறுதி செய்தது. மாறுபட்ட நீதிபதி மிடில்டன், கடன் கேட்பவர் தம் செலவைப் பற்றித் தந்த செய்தியை மதிப்பீட்டில் கருதாமல் விடச் சட்டம் இடம்தரவில்லை என்று எழுதினார். இம்மூவருள் அந்த ஒருவரின் கருத்தே இல்லறத்தாரின் அனுபவத்திற்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. கேட்ட கேள்விக்குப் பெற்ற விடையைப் படிக்கவும் வேண்டா என்றால், கேட்பது ஏன்? ஆனால் பெரும்பான்மையின் பக்கமும் ஒரு வலிமை உண்டு. கைவிடத்தக்க செலவு, கைவிடமுடியாத செலவு என்ற வேறுபாடு மெய்யானது. இன்றைய பழக்கமெல்லாம் நாளைய கட்டாயமாகிவிடாது. துறவறம் வரை செல்லும் ஒரு சமயம் இதை மறுக்க இயலாது.

பெரும்பான்மைத் தீர்ப்பு விட்டுவைத்த இடைவெளி வேறொன்று. சிக்கனமாக வாழ மனிதரால் முடியும் என்பது ஒன்று. இந்த மனிதர் 30 ஆண்டுகள் அவ்வாறு வாழச் சம்மதித்திருக்கிறார் என்பது மற்றொன்று. 4,400 செலவழிக்கும் குடும்பத்திற்கு 3,500 என்று கணக்கிட்டுக் கடன் தருவது, தேவை நேர்ந்தால் அக்குடும்பம் மாதம் 900 டாலரை விட்டுவிடும் என்று அதன் சார்பில் விரதம் ஏற்பதற்கு ஒப்பாகும். ஆலயத்தில் விரதம் ஏற்பவர் எதை விடுகிறார், எவ்வளவு காலத்திற்கு என்று வாய்விட்டுச் சொல்லி ஏற்கிறார். இங்கே விரதம் ஏற்றவருக்கே அது தெரியாது.

வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே கென்னத் ஹெயின் தலைமையில் வங்கிகளைப் பற்றிய அரச விசாரணை ஆணையமும் அமர்ந்தது. 2017 டிசம்பரில் அமைந்து, 2019 பிப்ரவரியில் இறுதி அறிக்கை தந்த அவ்வாணையம், அளவையை அப்படியே எடுத்துக்கொள்வது கடன் கேட்பவரின் செலவைச் சரிபார்த்ததாகாது என்று இடைக்கால அறிக்கையிலேயே கண்டித்தது. நீதிமன்றத்தில் வங்கி வென்றபோதிலும் நடைமுறை மாறியது இக்கண்டனத்தால்தான். இப்போது வங்கிகள் செலவை இனம் இனமாகப் பிரித்துக் கேட்கின்றன. பெரும்பாலும் மூன்று மாத வங்கிக் கணக்கைப் பார்க்கின்றன. எழுதிய செலவு, அட்டவணை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதனை எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 2020 செப்டம்பரில் இச்சட்டக் கடமையையே தளர்த்த அரசு முன்வந்தது, அம்முயற்சி சட்டமாகவில்லை.

இதற்கிடையே உலகியல் ஒரு சோதனையை நடத்தியது. 2020 நவம்பரில் 0.10 விழுக்காடாக இருந்த ஆஸ்திரேலிய மைய வங்கியின் வட்டி, 2022 மே முதல் ஏறத் தொடங்கி 2023 நவம்பரில் 4.35 ஆயிற்று. 2.5 விழுக்காடு காப்புடன் கடன் பெற்றவர்கள் 4.25 விழுக்காடு ஏற்றத்தைக் கண்டனர். பெரும்பாலோர் தவணை தவறவில்லை. இது நீதிபதி பெரமின் கருத்துக்குச் சான்று போலத் தோன்றும். மக்கள் உண்மையிலேயே குறைத்துக்கொண்டனர். எதைக் குறைத்தனர் என்று தவணைப் புள்ளிவிவரம் சொல்லாது. உணவகமாக இருக்கலாம், பல் மருத்துவராகவும் இருக்கலாம், ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகையாகவும் இருக்கலாம்.

பெற்றோர் என்றதும் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. புள்ளியியல் துறை கணக்கெடுத்தது ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பத்தை. மெல்போர்னில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் தந்தையும் தாயும். அட்டவணைக்கு இது மூவர் குடும்பம். மகனுக்கோ ஐவர் குடும்பம். மாதந்தோறும் ஊருக்குச் செல்லும் தொகை, தந்தையின் மருந்து, ஆண்டுக்கொருமுறை வரும் விமானச் செலவு, ஜினாலயத் திருப்பணிக்கு எழுதிக்கொடுத்த தொகை, தங்கையின் திருமணத்திற்கு ஏற்ற பொறுப்பு ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'பிற செலவு' என்ற கடைசிக் கட்டத்தில் எழுதலாம். பலர் எழுதுவதில்லை. விமானச் செலவு அளவையின் கண்ணுக்கு வெளிநாட்டுச் சுற்றுலா, எனவே அடிப்படை அல்லாதது. நோயுற்ற தாயைக் காண வருபவரும் கடற்கரைக்கு உல்லாசம் செல்பவரும் ஒரே கூறில் விழுகின்றனர். தானத்தை வெட்டத்தக்க செலவாகக் கொள்வதா என்பதில் வங்கிக்கும் சிராவகனுக்கும் கருத்து ஒன்றாகாது. நான்கு வகைத் தானமும் இல்லறத்தின் கடமை என்று கற்றவர் அதனைக் கட்டாயச் செலவின் பக்கமே எழுதுவார்.

அவ்வாறு எழுதினால் கடன் குறையும் என்பதும் உண்மை. இங்கே ஓர் ஆசை தலைகாட்டும், அதற்குத் துணைநிற்கும் தரகரும் சில வேளை கிடைப்பார்: உணவு இவ்வளவு, உடை இவ்வளவு என்று குறைத்து எழுதிவிட்டால் போதும், எல்லோரும் செய்வதுதானே என்பார். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வாய்மை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகக் கூடலேககிரியையை வைத்துள்ளார். பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். ஓலையில் எழுதினாலும் திரையில் தட்டச்சிட்டாலும் அதன் பெயர் மாறாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பொதுவாகப் பொய்யாவணத்தால் ஏமாறுபவர் எதிரில் இருப்பவர். இந்த ஆவணத்தில் ஏமாறுபவர் எழுதியவரே. மேற்சொன்ன குடும்பம் 3,500 என்று எழுதிக் கடன் பெற்றால், 6 விழுக்காட்டில் மாதம் 602 டாலர் மிஞ்சும், கவலை தோன்றாது. வட்டி 8 ஆனால் தவணை 3,669. உண்மைச் செலவைக் கழித்தால் மாதம் 69 டாலர் குறை. அன்று எந்த நீதிமன்றத்திலும் 'வங்கி விசாரிக்கவில்லை' என்று அவர் முறையிட முடியாது. வங்கி விசாரித்தது, விடை அவர் கையெழுத்தில் இருக்கிறது.

இந்திய நிலைமையையும் ஒரு சொல்லில் தொட்டுச் செல்லலாம். இங்கே வீட்டுக் கடனுக்குக் குடும்பச் செலவை இனவாரியாகக் கேட்கும் வழக்கம் பெரிதும் இல்லை. வருமானத்தில் ஏறத்தாழ பாதிவரை எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகலாம் என்று வங்கிகள் ஒரு விகிதம் வைத்துக்கொள்கின்றன. அது வங்கிக்கு வங்கி, வருமானத்திற்கு வருமானம் மாறும். மீதிப் பாதியில் குடும்பம் நடக்கும் என்பது சொல்லப்படாத அனுமானம். குறுங்கடனுக்கு மட்டும் ரிசர்வ் வங்கி 2022இல் வெளிப்படையாக விதி வகுத்தது: ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களின் மாதத் தவணை மொத்தமும் அவர்கள் மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மாதம் 2 இலட்சம் ஈட்டுபவரின் மீதிப் பாதியும் 20,000 ஈட்டுபவரின் மீதிப் பாதியும் ஒன்றல்ல என்பதை விகிதமுறை மறந்துவிடுகிறது. அட்டவணை முறை குறைந்தபட்சம் அதனை நினைவில் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய முறையின் குறைகளைப் பேசுவோர் இதையும் சொல்லவேண்டும்.

பரிக்கிரக பரிமாண விரதத்தின் அதிசாரங்களைச் சமந்தபத்திரர் எண்ணுமிடத்தில் ஐந்தாவதாக வருவது அதிபாரவாகனம். வண்டிமாட்டின்மீது அது தாங்குவதற்கு மேல் சுமை ஏற்றுதல். உயிரிரக்கத்தின்பாற்பட்ட குற்றமாகத் தோன்றும் ஒன்றை அவர் பொருளாசையின் குற்றங்களுள் வைத்ததைக் கவனிக்கலாம். சுமையை ஏற்றுபவன் மாட்டின் வலிமையைக் கேட்பதில்லை. அளவுக்குமேல் கொண்டுசெல்ல விழைகிறான். வீட்டுக் கடனில் ஏற்றுபவர் இருவர், வங்கியும் வாங்குபவரும். சுமப்பதோ குடும்பம் முழுவதும், கையெழுத்திடாத குழந்தைகள் உட்பட.

ஆகவே விண்ணப்பம் எழுதுமுன் செய்யத்தக்கவை சில உள. மூன்று மாத வங்கிக் கணக்கையும் கடன் அட்டைக் கணக்கையும் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து பார்த்து, வங்கி கேட்பதற்கு முன்பே தாமே கூட்டிப்பார்ப்பது முதலாவது. இந்தக் கூட்டலில் வருகின்ற எண், மனத்தில் இருந்த எண்ணைவிடப் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். ஊருக்கு அனுப்பும் தொகையையும் அறச்செலவையும் தனித்தனி வரியில் எழுதி, அவை நிற்காதவை என்று குறிப்பிடுவது இரண்டாவது. இன்றைய தவணையும் 3 விழுக்காடு கூடிய தவணையும் எவ்வளவு என்று கணக்கிட்டு, பின்னதை வீடு வாங்குமுன் ஆறு மாதம் வங்கியில் தனியே போட்டு வாழ்ந்து பார்ப்பது மூன்றாவது. வாடகை கொடுப்போர் வாடகையைக் கழித்து மீதியைப் போடலாம். இது ஆறு மாத நியமம். முடியவில்லை என்றால் கடன் வாங்குமுன்பே தெரிந்துவிடும், போட்ட பணமும் கையில் இருக்கும்.

கடன் வாங்கியபின் நெருக்கடி வந்தவர்களுக்கும் ஆஸ்திரேலியச் சட்டத்தில் வழி உண்டு. வேலை இழப்பாலோ நோயாலோ தவணை கட்ட இயலாதவர் தம் வங்கிக்கு இன்னல் அறிவிப்புத் தரலாம். வாயால் சொன்னாலும் செல்லும். கூடுதல் விவரம் எதுவும் கேட்கவேண்டாதபோது, வங்கி 21 நாள்களுக்குள் விடை சொல்லவேண்டும். விடை நியாயமற்றதாகத் தோன்றினால் 2018 நவம்பர் முதல் இயங்கும் ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையத்தில் கட்டணமின்றி முறையிடலாம். தேசியக் கடன் உதவி இணைப்பில் இலவச நிதி ஆலோசகர் கிடைப்பார். நம்மவர் பலர் இவ்வழியை நாடாமல், நண்பரிடம் கைமாற்று, மற்றொரு கடன் அட்டை, மனைவியின் நகை என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டு, தவணை மூன்று தவறிய பின்னரே வங்கிக்கு முதல் தொலைபேசி செய்கின்றனர். அந்த அழைப்பை முதல் தவணை தவறுவதற்கு முந்திய வாரத்தில் செய்தால் வங்கியிடம் பேசுவதற்கு நகையும் சேமிப்பும் இன்னும் கையில் இருக்கும்.